வயலில் விளைந்த வண்ணம்

வண்ணம் என்றதும் இன்று நம் மனக்கண் முன் வந்து நிற்பது கடையில் அடுக்கி வைத்த டப்பாதான். மூடியைத் திறந்தால் வண்ணம். தீர்ந்தால் மற்றொரு டப்பா. அது எந்த மண்ணில் பிறந்தது, எவர் கையில் உருவாயிற்று என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரால் விடை கூற இயலாது. ஆனால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டில் வண்ணத்திற்கு ஊர் இருந்தது, பருவம் இருந்தது, அதனை விளைவித்த உழவன் இருந்தான். நெல்லும் கரும்பும் போல வண்ணமும் வயலில் விளைந்த பொருளாகவே இருந்தது.

கங்கைக் கரையில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இவ்வரலாற்றில் இரட்டை உரிமை உண்டு. நாம் பிறந்த சோழமண்டலக் கரை சிவப்புக்குப் பேர் போனது; நாம் வாழ வந்த வங்கம் நீலத்துக்குப் பேர் போனது. அந்தச் சிவப்பு வேரில் இருந்தது. இந்த நீலம் இலையில் இருந்தது. உலகத்துச் சந்தைகள் இரண்டையும் தேடி வந்தன. பின்னர் இரண்டையும் கைவிட்டன. இன்று, செடியிலிருந்து வண்ணம் எடுக்க வேண்டும், மண்ணுக்குக் கேடு செய்யாத பூச்சு வேண்டும் என்ற குரல் மீண்டும் எழுந்துள்ளது. அக்குரல் நல்ல குரலே. எனினும், செடியில் பிறந்தது என்பதனால் மட்டுமே ஒரு வண்ணம் நல்லதாகிவிடுமா என்னும் கேள்விக்கு நம் நாட்டு வரலாறு தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பூச்சின் மூன்று உறுப்புகள்

எவ்வகை வண்ணப் பூச்சாயினும் அதில் மூன்று உறுப்புகள் உண்டு. நிறம் தரும் பொருள் ஒன்று. அதனைச் சுவரிலோ துணியிலோ ஒட்டி நிற்கச் செய்யும் பசை ஒன்று. இவ்விரண்டையும் ஏந்திச் சென்று பின் உலர்ந்து போகும் நீரோ எண்ணெயோ ஒன்று. இம்மூன்றையும் மரஞ்செடிகளிலிருந்தே நம் முன்னோர் பெற்றனர். புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய கூழ், வேப்பம் பிசின், விளாம்பிசின், வில்வக்காய்ப் பிசின், கருவேலம் பிசின் ஆகியவை பசைகளாயின. ஆளிவிதையின் எண்ணெய் காற்றுப்பட்டால் தானே இறுகும் இயல்புடையது. ஆதலால் மரத்தின்மீது பூசுதற்கு அது உதவிற்று.

நிறம் தரும் பொருள்களில் ஒரு வேற்றுமை அறியத்தக்கது. மஞ்சள் முதலியவற்றின் நிறம் எளிதில் ஊறி இறங்கும். ஆனால் வெயிலில் நில்லாது. சாயவேர், மஞ்சிட்டி ஆகியவற்றின் சிவப்போ படிகாரத்தோடு கூடினாலன்றிப் பற்றாது. கூடினாலோ எளிதில் போகாது. அவுரியின் நீலம் இவற்றினும் வேறானது. அது நீரில் கரையாத பொடி. அரைத்துப் பிசினோடு குழைத்தால் அதுவே பூச்சு. ஆகவேதான் துணிக்குச் சாயமாகவும் சுவருக்கும் ஏட்டுக்கும் வண்ணமாகவும் அந்த ஒரே பொருள் பயன்பட்டது.

இவ்வறிவு நேற்றுப் பிறந்ததன்று. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றோடு ஒட்டிக் கிடைத்த சிறு பருத்தித் துணித்துண்டு மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பேறியது என்று அதனை ஆய்ந்தோர் கண்டனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரின் நிறத்தைப் பருத்தியில் நிலைநிறுத்தும் முறையை இந்நாட்டார் கண்டிருந்தனர் என்பதற்கு அச்சிறு துண்டே சான்று.

கோயில் சுவரும் பச்சிலைச் சாறும்

பழைய ஓவியங்களைக் காணும்போது, "இவை அத்தனையும் பச்சிலைச் சாறு" என்று கூறுவது நம்மவர்க்கு வழக்கம். பெருமைக்குக் காரணம் உண்டு; கூற்றில் பிழையும் உண்டு. சுண்ணாம்புச் சுவரின் காரம் பெரும்பாலான இலை, பூச் சாறுகளின் நிறத்தை மாற்றிவிடும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டவுடன் சிவப்பாவதை ஆரத்தி கரைக்கும் நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். ஆகவே, தஞ்சைப் பெரிய கோயிலிலும் சித்தன்னவாசலிலும் ஓவியர் கொண்டவை பெரும்பாலும் காவி மண், பச்சை மண், சுண்ணாம்பு வெண்மை போன்ற மண்வகைகளே. சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் 1930-களில் இவ்வோவியங்களை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். செடிகொடிகளின் பங்கு அங்கே கரியாகத்தான் வந்தது.

மலையாள நாட்டுச் சுவரோவியர் கைக்கொண்ட வழி வேறு. அவர்கள் சுண்ணாம்பை இளநீரில் கலந்து பலமுறை பூசிச் சுவரை வெண்மையாக்கி, அது நன்கு உலர்ந்த பின்னரே தீட்டினர். ஆதலின் அங்கே அவுரி நீலத்திற்கும், குடம்புளி இனத்து மரம் ஒன்றன் மஞ்சள் பிசினுக்கும், எண்ணெய் விளக்கின் கரிக்கும் இடமிருந்தது. வேப்பம் பிசின் அவற்றைச் சுவரோடு பிணைத்தது. எந்த நிறம் எந்தத் தளத்தில் நிற்கும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்ததே அவர்தம் கலையின் உயிர். மண் நிற்குமிடத்தில் மண்ணையும் இலை நிற்குமிடத்தில் இலையையும் அவர் வைத்தனர்.

சோழமண்டலத்துச் சிவப்பு

செடியின் வண்ணம் தன் முழு ஆற்றலையும் காட்டிய இடம் சுவரன்று, துணியே. கலம் என்னும் மூங்கில் எழுதுகோலால் பருத்தித் துணியில் ஓவியம் தீட்டும் கலை, கிருஷ்ணா நதியின் கழிமுகத்திலிருந்து காவிரி நாடு வரை கடற்கரை நெடுகிலும் செழித்திருந்தது. மசூலிப்பட்டினம், காளத்தி, தஞ்சையை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டை, கோடாலிக் கருப்பூர் ஆகியவை அதன் இருப்பிடங்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார் அணிந்த கருப்பூர்ச் சேலைகள் இக்கலையின் ஒரு கிளையே.

அதன் செய்முறையைச் சிறிது விரித்துரைப்பது தகும். முதலில் கோடித் துணியைச் சாண நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து, மீண்டும் நனைத்து வெளுப்பர். பின்னர்க் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்து வைக்கும். பாலின் கொழுப்பு அதனைக் கோட்டுக்கு வெளியே பரவாமல் தடுக்கும். மூங்கிற் குச்சியின் நுனியைச் சீவி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் எழுதுகோல் ஆயத்தம். சுற்றிய துணி வண்ணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். விரலால் அழுத்த அழுத்தக் கோடு இறங்கும்.

கருப்பு நிறத்திற்குத் துருவேறிய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டுப் பல நாள் புளிக்க வைப்பர். அந்நீர் தன்னளவில் மங்கலானது. ஆனால் கடுக்காய் ஏறிய துணியில் பட்ட அக்கணமே கன்னங்கரேலெனக் கறுக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் எழுதுவது சிவப்பையன்று; படிகார நீரையே. பிறகு துணி முழுவதையும் சாயவேர் இட்ட கொப்பரையில் வேகவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். ஏனைய இடத்துச் சாயம் ஆற்று நீரில் அலசும்போது போய்விடும். நீலம் வேண்டுமாயின், நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் நனைப்பர். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூவோ மாதுளைத் தோலோ உதவும். இத்தனை படிகளுக்கும் ஓடும் ஆறு வேண்டும். கடும் வெயில் வேண்டும். யாவற்றினும் மேலாகப் பொறுமை வேண்டும்.

இதில் தலைமை வாய்ந்தது சாயவேர். இம்பூறல் என்று மருத்துவர் வழங்கும் சிறு செடி அது. கடற்கரை மணற்பாங்கில் வளரும். நெல்லுக்கோ கேழ்வரகுக்கோ உதவாத நிலத்தில் தன் மெல்லிய நீண்ட வேரை ஆழ இறக்கும். இராமேசுவரம் முதல் கிருஷ்ணாவின் முகத்துவாரம் வரை அதனைத் தோண்டிப் பிழைத்த ஏழை மக்கள் பலர். சோற்று நிலத்தைத் தொடாமல் மணல் மேட்டிலிருந்தே ஒரு நாட்டின் ஏற்றுமதிப் பொருளுக்கு நிறம் தந்த செடி அது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்துணிகள் ஐரோப்பாவில் பெற்ற வரவேற்பு அங்குள்ள நெசவாளரை அஞ்சச் செய்தது. 1686-இல் பிரான்சு இத்துணிகளைத் தடை செய்தது; 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1720-இலும் சட்டம் இயற்றித் தடுத்தது. தடையால் ஆசை அடங்கவில்லை. செய்முறையை அறியும் வேட்கையே மிகுந்தது. 1742-ஆம் ஆண்டில், தென்னாட்டில் சமயப் பணி புரிந்த கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், புதிதாகக் கிறித்தவரான சாயத் தொழிலாளரிடம் கேட்டறிந்த இம்முறையைப் படிப்படியாக எழுதித் தம் நாட்டுக்குக் கடிதமாக அனுப்பினார். வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் எடுத்துக் காட்டிய அதே கேர்தூதான் இவர். அக்கடிதம் ஐரோப்பாவில் அச்சேறிப் பரவியது. ஆனால் அறிவை ஈந்த சாயக்காரருள் ஒருவர் பெயரும் வரலாற்றில் நிலைக்கவில்லை.

இரு கரைகளை இணைத்த ஒருவர்

சோழமண்டலத்துச் செடிகளுக்கும் வங்கத்துக்கும் ஒரு பாலமாக விளங்கியவர் வில்லியம் ராக்ஸ்பரோ. காக்கிநாடாவை அடுத்த சாமர்லகோட்டையில் மருத்துவராகவும் தாவரவியல் அறிஞராகவும் பணியாற்றிய இவர், 1793-இல் கல்கத்தாவுக்கு அக்கரையில் சிப்பூரில் 1787-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கும்பினித் தோட்டத்தின் தலைவராக வந்தார். 1795-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சோழமண்டலச் செடிகள் பற்றிய நூலில் சாயவேரும் இடம் பெற்றது. நம் ஊர்ப் பக்கத்து வெட்பாலை இலையிலும் நீலம் உண்டு என்று கண்டு அதனைச் செய்து பார்த்தவரும் அவரே. விடுமுறை நாளில் சிப்பூர்ப் பேராலமரத்தைக் காணச் செல்லும் நம்மவர், அத்தோட்டத்தின் தொடக்கத்தில் நம் கரைச் செடிகளின் அறிவும் கலந்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவர்க்குப் பின் பல்லாண்டு கழித்து, தாமஸ் வார்டில் என்னும் ஆங்கிலேயச் சாயத் தொழில் வல்லுநர், இந்திய அரசின் வேண்டுகோளின்படி நாட்டின் சாயப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவர் இந்தியச் சாயங்களில் தோய்த்த துணி மாதிரிகளின் தொகுதிகள் கொல்கத்தாவில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையிடம் உள்ளன. பயன்பாட்டிலிருந்து மறைந்துகொண்டிருந்த ஓர் அறிவுக்கு எழுதிய இறுதிக் கணக்கு என்று அதனைக் கூறலாம்.

வங்கத்துப் பட்டுவர்

நாம் வாழும் இம்மாநிலத்திலேயே செடி வண்ணம் இன்றும் உயிரோடிருக்கும் ஊர் ஒன்று உண்டு. மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்துப் பிங்களா வட்டாரத்தில் உள்ள நயா என்பது அவ்வூர். அங்கு வாழும் பட்டுவர் நீண்ட சுருளில் கதையை ஓவியமாகத் தீட்டி, சுருளை விரித்துக்கொண்டே பாடிச் சொல்வர். அவர்களுட் பெரும்பாலோர் இசுலாமியர். சித்திரக்கார் என்பது அவர்கள் இட்டுக்கொள்ளும் பெயர். அவர் பாடும் கதைகளில் மனசா தேவியும் இராமனும் வருவர். சமயத்தை மீறிய கலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

அவர்தம் வண்ணப்பெட்டி வீட்டுக் கொல்லையே. சங்குப்பூவிலிருந்து நீலம், அவரை இலையிலிருந்து பச்சை, மஞ்சட் கிழங்கிலிருந்து மஞ்சள், சாப்பிர விதையிலிருந்து செம்மஞ்சள், விளக்குக் கரியிலிருந்து கருப்பு. வில்வக்காய்ப் பிசினோடு இவற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் குழைத்து வெயிலில் வைத்துப் பதப்படுத்துவர். மேற்கத்திய முறையில் தேர்ச்சி பெற்றுப் பின் அதனைத் துறந்த ஓவியர் யாமினி ராய், இத்தகைய பட்டுவரிடமிருந்தே தம் வழியைக் கண்டுகொண்டார். 1887-இல் பாங்குரா மாவட்டத்துப் பேலியாதோர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், கல்கத்தா நகரின் நடுவே இருந்துகொண்டு நீலத்தையும் விளக்குக் கரியையும் மண்ணையும் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து, நாடு போற்றும் ஓவியங்களைத் தீட்டினார்.

ஒரிசாவின் பட்டச் சித்திரக்காரரும் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றி, விளாம்பிசினில் வண்ணம் குழைப்பவரே. ஆனால் அவர் மரபில் சிவப்புக்குக் கொண்டது சாதிலிங்கம். மஞ்சளுக்குக் கொண்டது அரிதாரம். முன்னதில் பாதரசம் உண்டு; பின்னதில் பாடாணம் உண்டு. இரண்டும் இயற்கைப் பொருள்களே, இரண்டும் நஞ்சே.

இயற்கை என்னும் சொல்லை நாம் எளிதில் வணங்கிவிடலாகாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. இந்திய மஞ்சள் என்று ஐரோப்பிய ஓவியர் போற்றிய வண்ணம் ஒன்று கல்கத்தாத் துறைமுகம் வழியாகச் சென்றது. அது எவ்வாறு உண்டாகிறது என்று பல காலம் எவரும் அறியார். 1883-இல் திரைலோக்கியநாத முகர்ஜி என்பவர் முங்கேர் நகரை அடுத்த மிர்சாப்பூருக்கு நேரே சென்று கண்டு எழுதினார். பசுக்களுக்கு மாவிலையையும் நீரையுமே தீனியாகக் கொடுத்து, அவற்றின் கோமியத்தைக் காய்ச்சி எடுத்த வண்ணம் அது! பசுக்கள் நலிந்து மெலிந்து நின்றன என்பதையும் அவர் குறித்தார். மாவிலையும் இயற்கை, பசுவும் இயற்கை, பசுவின் பசியோ மனிதன் செய்தது.

நீலத்தின் கணக்கு

பசுவின் பசியைக் கூறினோம். மனிதன் பசியைக் கூற வேண்டிய இடம் இதுவே.

அவுரிச் செடியைப் பூக்கும் பருவத்தில் அறுத்துக் கட்டாகக் கட்டித் தொட்டி நீரில் அமிழ்த்துவர். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் அது புளித்து நுரைக்கும். அந்நீரைக் கீழ்த்தொட்டியில் இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று துடுப்பால் அடிப்பர். காற்றுப்படப் பச்சையாய் நின்ற நீர் மெல்ல நீலமாகும். அடியில் தங்கிய நீலச் சேற்றைக் காய்ச்சி, வடித்து, அழுத்தி, வில்லைகளாக வெட்டி உலர்த்துவர். ஒரு கிலோ நீலம் பெற நூற்றுக்கணக்கான கிலோ பச்சை இலை வேண்டும். செடியோ பயறு இனத்தது. தன் வேரால் மண்ணை வளப்படுத்துவது. சாறு இறங்கிய சக்கையும் நல்ல எருவாவது. இதனினும் குற்றமற்ற வண்ணம் ஒன்று இருக்க முடியுமா?

ஆயினும் 19-ஆம் நூற்றாண்டு வங்கத்தில் இச்செடியின் பெயரைக் கேட்டாலே குடியானவன் நடுங்கினான். தோட்டத் துரைமார் அவனுக்கு முன்பணம் கொடுப்பர். நல்ல நிலத்தைத் தேர்ந்து அவுரி விதைக்கச் செய்வர். விலையையும் தாமே வகுப்பர். நெல் விளைந்தால் கிடைக்கும் வருவாய் அவுரியில் கிடைக்கவில்லை. கொடுத்த முன்பணம் தீர்ந்ததாக ஒருபோதும் கணக்கு எழுதப்படவில்லை. தந்தையின் கடன் மகன் தலையில் ஏறிற்று. மறுத்தவனுக்கு அடியும் சிறையும் கிடைத்தன. 1859-இல் நதியா மாவட்டத்தில் தொடங்கி, அவுரி விதைக்க மாட்டோம் என்று குடியானவர் ஒன்றாகக் கிளர்ந்தெழுந்தனர். 'இந்து பேட்ரியட்' இதழாசிரியர் அரீஷ் சந்திர முகர்ஜி அவர்தம் துயரைத் தொடர்ந்து எழுதினார். 1860-இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமர்த்தியது.

அதே 1860-இல் தீனபந்து மித்திரர் 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகத்தை எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லாங் பாதிரியார்க்கு 1861-இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டன. அத்தண்டத்தைத் தம் கையிலிருந்து கட்டியவர் வங்க எழுத்தாளர் காளிப்பிரசன்ன சிங்கர். மொழிபெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன் தத்தர் என்பது வழிவழி வரும் செய்தி. அவர் 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் உறவு.

வங்கத்தில் தளர்ந்த அக்கொடுமை பீகாரில் தொடர்ந்தது. சம்பாரணில் குடியானவன் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கு அவுரிக்கு விட வேண்டும் என்னும் தீன்காத்தியா முறை நிலவியது. ராஜ்குமார் சுக்லா என்னும் உழவர் விடாது அழைத்ததனால் காந்தியடிகள் 1917 ஏப்ரலில் அங்குச் சென்றார். 1918-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அம்முறை ஒழிந்தது.

சென்னை மாகாணத்திலும் கடப்பை, நெல்லூர், தென்னார்க்காடு முதலிய பகுதிகளில் அவுரி பெரிதும் பயிரிடப்பட்டது. ஆயினும் துரைமாரின் பெருந்தோட்டங்களைவிடக் குடியானவரும் உள்ளூர்த் தொட்டிக்காரருமே அங்கு மிகுதி. வங்கத்தைப் போன்ற கிளர்ச்சி அங்கே எழவில்லை. செடி ஒன்றே, நிலத்தின் மேலும் விலையின் மேலும் யாருக்குக் கை இருந்தது என்பதே வேறு. இவ்வரலாற்றின் உட்பொருள் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஆலைகள் வந்த பின்

இதற்கிடையே ஐரோப்பாவின் வேதியியல் கூடங்களில் வேறொரு புரட்சி நடந்தது. 1856-இல் பெர்க்கின் என்னும் இளைஞர் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் இரு ஜெர்மானியர் சாயவேரின் சிவப்புக்கு உயிரான அலிசரின் என்னும் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினர். 1897-இல் ஜெர்மனியின் பாஸ்ப் ஆலையிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. மணல் மேட்டில் வேர் தோண்டியவர்க்கும் தொட்டியில் துடுப்படித்தவர்க்கும் சில ஆண்டுகளுக்குள் வேலை அற்றுப் போயிற்று.

செயற்கை நீலத்தால் விலை வீழ்ந்தபோது சம்பாரணின் துரைமார் செய்தது குறிப்பிடத்தக்கது. "அவுரியிலிருந்து உன்னை விடுவிக்கிறோம், அதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்து" என்று குடியானவனிடமே வாங்கினர். செடி விளைந்தபோதும் நட்டம் அவனுக்கு. செடி ஒழிந்தபோதும் நட்டம் அவனுக்கு.

பூச்சுத் தொழிலும் ஆலைக்குள் சென்றது. 1902-இல் ஹௌராவில் தொடங்கப்பட்ட ஷாலிமார் நிறுவனம் இந்நாட்டின் முதற் பெரும் வண்ணப் பூச்சுத் தொழிற்சாலை. அக்காலத்துப் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயே அடிப்படை; ஆகவே தொடக்கத்தில் ஆலையும் வயலை முற்றிலும் மறக்கவில்லை. பின்னர் நிலத்தடி எண்ணெயிலிருந்து பெறும் பொருள்கள் மெல்ல மெல்ல அவ்விடத்தைப் பிடித்தன. ஈயம் கலந்த பூச்சுகள் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது உலகறிந்த பின்னும், இந்நாட்டில் வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016-இல்தான் வகுக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இன்று நாம் கேட்க வேண்டியவை

விடுதலைக்குப் பின் இக்கலைகள் அறவே அழியாமல் காத்தவர் சிலர். அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் தலைவராயிருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் 1950-களில் காளத்தியில் பயிற்சி நிலையம் அமைந்தது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் அவுரி விளைந்து, நீல வில்லைகளாக வெளிநாடு செல்கிறது. அதே 2021-இல் கதர் கிராமத் தொழில் ஆணையம் சாணத்தைக் கொண்டு செய்த சுவர்ப் பூச்சை வெளியிட்டது. இவை யாவும் நல்ல அறிகுறிகளே.

ஆயினும் நாட்டின் சுவர்கள் எல்லாவற்றுக்கும் செடியிலிருந்தே வண்ணம் எடுத்துவிடலாம் என்று எண்ணுவது கணக்கறியாமை. அத்துணை நிலம் நம்மிடம் இல்லை; இருந்தாலும் அது முதலில் சோற்றுக்கு உரியது. ஆகவே வண்ணச் செடி திரும்பி வருமிடத்தில் மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். அது நெல்லின் இடத்தைப் பிடிக்கிறதா? சாயவேர் போலத் தரிசிலோ, சங்குப்பூப் போல வேலியிலோ, மாதுளைத் தோல் போலக் கழிவிலோ கிடைக்கிறதா? அதன் விலையை வகுப்பவர் யார்? விளைவித்தவனுக்கும் தீட்டியவனுக்கும் அதில் பேச்சுரிமை உண்டா? வண்ணம் எடுத்த பின் எஞ்சும் நீர் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் கேடின்றிச் செல்கிறதா? இம்மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின் அவ்வண்ணம் சற்று விலை மிகுந்ததாயினும் வாங்கத் தகும். கிடைக்காதாயின், டப்பாவின் மேல் பசும் இலையின் படம் அச்சிட்டிருந்தாலும் அது பழைய நீலத்தின் மறுபிறப்பே.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நயாவின் சித்திரக்காரரும் கருப்பூரின் கலம்காரி ஓவியரும் ஒரே அறிவின் இரு கிளையினர். ஆனால் ஒருவரையொருவர் அறியாதவர். ஒருவர் வில்வப் பிசினை அறிவார். மற்றவர் கடுக்காயை அறிவார். இவ்விருவரையும் ஒரே மேடையில் அமரச் செய்து, நம் பிள்ளைகள் அருகிருந்து கலம் பிடிக்கவும் சிரட்டையில் வண்ணம் குழைக்கவும் கற்றுக்கொள்ளும்படி வரும் பொங்கல் விழாவை அமைப்போமாயின், அது தமிழும் வங்கமும் கைகோத்த விழாவாகும். வந்த கலைஞர்க்கு மாலையும் பொன்னாடையும் போர்த்துவதோடு அமையாது, அவர்தம் உழைப்புக்குரிய விலையை அவரைக் கேட்டே கொடுப்போமாக. வண்ணத்தின் வரலாறு நமக்குக் கற்பித்த முதற் பாடம் அதுவே.